மார்த்தி யாருக்குச் சொந்தம்?

தாம்பாக்காரன்: நேற்று சனவரி 28, ஸ்பெயினிடமிருந்து கியூபாவின் விடுதலைக்குப் போராடிச் செத்த கவிஞர் ஹோசே மார்த்தி பிறந்தநாள். இங்கே அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், தாம்பா நகரத்து ஈபோர் சிட்டியில் அவர் பெயரில் இருக்கும் பூங்காவுக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டு மனை அளவுதான். இரும்பு வேலி, உள்ளே வெள்ளைச் சிலை, தெருவில் மேயும் கோழிகள். அந்த இடம் கியூபா அரசுக்குச் சொந்தம். அந்த அரசு பிடிக்காமல் ஓடிவந்த குடும்பங்களும் அவரைத்தான் கும்பிடுகின்றன. நல்ல மரியாதைதானே?

சுருட்டுப்புகை: எங்கே மரியாதை? மியாமிக்கு ஓடிவந்த கியூபாக்காரர்கள் அவரை, கியூபாவின் கம்யூனிஸ்ட் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோ எதிர்ப்புக்கு முத்திரையாக்கிவிட்டார்கள். 1985இல் அமெரிக்க அரசே கியூபாவை நோக்கி ஒரு வானொலி தொடங்கி, ரேடியோ மார்த்தி என்று பெயர் வைத்தது. அதே மார்த்தி 1895இல், சாவதற்கு முந்தைய நாள் எழுதிய கடிதத்தில், அந்தப் பூதத்துக்குள் வாழ்ந்தவன் நான், அதன் குடல்வரை தெரியும் என்று அமெரிக்காவைச் சொல்கிறார். படித்துவிட்டுத்தான் பெயர் வைத்தார்களா?

தாம்பாக்காரன்: ஹவானாவில் இருக்கும் கியூபா அரசு மட்டும் யோக்கியமா? விமான நிலையத்துக்கு அவர் பெயர், புரட்சிச் சதுக்கத்தில் அவர் சிலை. காஸ்ட்ரோ பிறந்ததே இவர் செத்து 31 வருடம் கழித்து. அப்புறம் எப்படி இவர் அவருடைய கட்சி ஆள் ஆனார்?

கடைசி பெஞ்சு: இந்தச் சண்டை பழசு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் குதிரைமேல் குண்டடிபட்டுச் சாயும் மார்த்தி சிலை இருக்கிறதே, சிற்பி அன்னா ஹயாட் ஹன்டிங்டன் 82 வயதில் செய்தது. 1959இலேயே வேலை முடிந்தும், காஸ்ட்ரோ ஆட்களும் எதிராட்களும் மோதுவார்கள் என்று பயந்து 1965இல்தான் திறந்தார்கள்.

சுருட்டுப்புகை: பார்த்தீர்களா, சிலை வைத்தாலே வம்பு. அவருக்குச் சோறு போட்டவர்களை யார் நினைக்கிறார்கள்? தாம்பா சுருட்டுத் தொழிலாளர்கள் ஒரு நாள் கூலியை அப்படியே விடுதலைப் போருக்குக் கொடுத்தார்கள். விஷம் வைக்கப் பார்த்தபோது அவரை வீட்டில் வைத்துக் காத்தது பவுலினா பெத்ரோசோ என்ற கறுப்பினப் பெண். நீங்கள் போன பூங்கா நிற்பதே பவுலினா நடத்திய விடுதி இருந்த இடத்தில்தான்.

தாம்பாக்காரன்: அது தெரியாமல் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிலை வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். நண்பனுக்கும் வெள்ளை ரோஜா, நெஞ்சைப் பிடுங்குகிறவனுக்கும் வெள்ளை ரோஜா என்று பாடியவர் அவர். ரெண்டு கட்சியும் பூவோடு வரட்டுமே. அடுத்த சனவரியில் பவுலினாவுக்கும் சேர்த்து ரெண்டாக வாங்குகிறேன், விலைதான் கொஞ்சம் இடிக்கிறது.