கல்லூரி நூலகத்தின் பழைய வீடியோ கேசட்டுகளைப் பிரதி எடுக்கலாமா?

நூலக உதவியாளர்:
வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே பீரோ நிறைய விஎச்எஸ் கேசட்டுகளும் டிவிடிகளும் இருக்கின்றன. விலைக்கு வாங்கிய ஆவணப்படங்கள், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைக்கு வாங்கிய சினிமாக்கள், கருத்தரங்குக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் உரையை நாங்களே படம்பிடித்தவை என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றி, கேட்கிற மாணவர்களுக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார் முதல்வர். கல்விக்குத்தானே, தப்பில்லை என்கிறார். பதிவேட்டில் கையெழுத்து போடப்போவது நான். சட்டப்படி இது சரியா?

விஸ்காம் ஆசிரியர்:
முதல்வர் சொல்வதில் பாதி சரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுப்பது மீறல் ஆகாது என்று இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்குத் தாராளமாகவே பொருள் சொன்னது. வகுப்பில் நின்று பேசும் நேரம் மட்டுமல்ல, பாடத்திட்டத்துக்கு வேண்டிய வாசிப்பும் அதில் அடங்கும் என்றது. அது புத்தகப் பக்கங்களைப் பற்றிய வழக்கு. ஆனால் சட்டத்தில் 'படைப்பு' என்றால் திரைப்படமும் சேர்த்திதான். ஆகவே பாடத்துக்கான காட்சிகளை ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்தலாம். மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் இருக்கும் கூட்டத்தில் படத்தைத் திரையிடவும் அதே பிரிவு இடம் தருகிறது. பாடத்தோடு தொடர்பே இல்லாத முழுப் படங்களைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பது இதில் வராது.

ஓய்வுபெற்ற நூலகர்:
தம்பி, 2012 திருத்தத்தில் பாதுகாப்புக்கென்றே ஒரு விதிவிலக்கு சேர்த்தார்கள். வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி இருந்தால், அதை மின்னணு வடிவில் சேமித்துக்கொள்ளலாம். விஎச்எஸ் இதற்குப் பொருந்தும். டிவிடி ஏற்கெனவே டிஜிட்டல், அதனால் பொருந்தாது. 'பொது நூலகம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் நூலகம் உங்கள் மாணவர்களுக்கு மட்டும் என்றால் இந்த ஒன்றை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஆவணப்படங்கள் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்தவையா என்று உறையைப் பாருங்கள். அந்த அமைப்பை 2022இல் என்எஃப்டிசியோடு (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) இணைத்துவிட்டார்கள், அங்கே எழுதிக் கேட்கலாம். பதில் கடிதம் கோப்பில் இருந்தால் நாளைக்கு உங்களை யாரும் கேள்வி கேட்க முடியாது.

நூலக உதவியாளர்:
நன்றி ஐயா. இன்னும் இரண்டு சந்தேகம். சில டிவிடிகளில் காப்பி செய்ய விடாமல் பூட்டு இருக்கிறது, உடைக்கலாமா? கருத்தரங்கு உரைகள் நாங்கள் எடுத்தவைதானே, யூடியூபில் போடலாமா?

வழக்கறிஞர்:
உரிமை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத காரியத்துக்கு உடைப்பதற்கு விலக்கு இருக்கிறது. ஆனாலும் என் கட்சிக்காரராக இருந்தால், டிவிடியை அப்படியே வகுப்பில் போட்டுக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

உரை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேமரா கல்லூரியுடையது என்பதால் எல்லா உரிமையும் கல்லூரிக்கு வந்துவிடாது. சட்டத்தின் 'நிகழ்த்துநர்' வரையறையில் பாடகர், நடிகரோடு சொற்பொழிவாற்றுபவரும் இருக்கிறார். அவருக்குத் தனி உரிமை 50 ஆண்டு. கற்பிப்பதற்கென்றே பதிவு செய்வது மீறல் அல்ல. இணையத்தில் ஏற்ற அவருடைய ஒப்புதல் வேண்டும். இனி வருகிறவர்களிடம் பேசும் முன்பே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பழைய உரைகளுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

விஸ்காம் ஆசிரியர்:
பழைய சினிமாக்கள் இருந்தால் ஆண்டைப் பாருங்கள். படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு போய்விட்டது. பாட்டுக்கும் இசைக்கும் கணக்கு வேறு, எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு ஓடும்.

ஓய்வுபெற்ற நூலகர்:
அப்புறம், பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல விசிஆரில் போட்டுவிடாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். முதலில் தனியாகப் பிரித்து வையுங்கள்.