உருளையில் ஆய்லர் வாய்பாடு ஏன் 2 தருவதில்லை?

கேள்வி:
வணக்கம். முனைகளையும் முகங்களையும் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் 2 கிடைக்கும் என்பதை, கனசதுரத்தில் (8 + 6 − 12) என் மாணவர்கள் தாங்களே எண்ணிக் கண்டறிந்தார்கள். ஆனால் உருளையில் முனையே இல்லை. 3 முகங்களும் 2 விளிம்புகளும் இருப்பதால் விடை 1 என வருகிறது. இதை எவ்வாறு விளக்கலாம்?

மறுமொழி 1:
1750-இல் கணிதவியலாளர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் குறிப்பிட்ட இவ்வுறவு, தட்டையான பல்கோண முகங்களால் அடைபட்ட, துளையற்ற திண்மங்களுக்கு உரியது. உருளைக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடலாம்.

மறுமொழி 2:
அவ்வாறு விட்டுவிட்டால் மாணவர்களின் அருமையான கேள்வி வீணாகிவிடும் என்று கருதுகிறேன். உருளையின் வளைபரப்பில் மேல்வட்டத்திலிருந்து கீழ்வட்டத்திற்கு ஒரு நேர்க்கோடு வரையச் சொல்லுங்கள்; கோட்டின் இரு நுனிகளும் முனைகளாகி, கோடும் ஒரு விளிம்பாகச் சேர்ந்து, 2 + 3 − 3 = 2 என்று வந்துவிடும். கோடு இல்லாதபோது வளைபரப்பு இரு ஓரங்கள் கொண்ட வளையமாக இருக்கிறது. ஒவ்வொரு விளிம்பும் முனையில் முடிய வேண்டும், ஒவ்வொரு முகத்தையும் ஒரே ஓரம் சூழ்ந்திருக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளும் இங்கு மீறப்படுகின்றன.

மறுமொழி 3:
துளையுள்ள திண்மத்தையும் சோதித்துப் பார்க்கச் செய்யுங்கள்; அங்கும் 2 வராது. நடுவில் துளையுள்ள சதுரச் சட்டத்தின் முன்பின் பரப்புகளை மூலைகளில் சாய்கோடுகளால் பிரித்து எண்ணினால் 16 முனைகள், 16 முகங்கள், 32 விளிம்புகள் இருக்கும், விடை 0.