இரவு பேக்கப் பாதியில் நிற்கிறது. கணக்குப் பிரிவில் யாரும் லாக் ஆஃப் செய்வதில்லை

நூல்மண்டி:
திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தின் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். ஒரே விண்டோஸ் சர்வர்; 14 பேர் ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து சர்வரின் திரையைத் திறக்கும் வசதி) வழியாக நுழைந்து டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் வேலை செய்கிறார்கள். ஆர்டர் பிரிவில் சிலர் தங்கள் கணினியிலிருந்தே சர்வரின் பொதுக் கோப்புறையைத் திறக்கிறார்கள். இரவு 11 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் விண்டோஸ் கருவி) ஒரு பேட்ச் கோப்பை, அதாவது கட்டளைகள் அடங்கிய கோப்பை, ஓட்டும். அது விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி மூலம் எல்லாவற்றையும் நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) நகலெடுக்க வேண்டும்.

காலையில் வந்து பார்த்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவுக் கோப்பைத் திறந்தால் ‘பிழை 32’ என்ற ஒரே வரி பக்கம் பக்கமாக நிற்கிறது. மாலையில் அறிவிப்பு அனுப்புகிறேன், கதவில் தாள் ஒட்டியிருக்கிறேன், முதலாளியும் சத்தம் போட்டுவிட்டார். கேட்டால் “மூடிவிட்டுத்தானே போனோம்” என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். ஜிஎஸ்டி தாக்கலுக்காக 11, 20 தேதிகளை ஒட்டி இரவு வரை உட்காருவார்கள்; பேக்கப் அவசியம் வேண்டிய அந்த நாட்களில்தான் தவறாமல் படுத்துவிடுகிறது. பலவந்தமாக வெளியேற்றினால் கணக்கு கெட்டுவிடுமோ என்று தயக்கம். வழி சொல்லுங்கள்.

பழையசர்வர்:
பிழை 32 என்றால் கோப்பை வேறொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஆனால் உங்கள் பேக்கப்பை நிறுத்துவது அவர் மட்டுமல்ல, ரோபோகாப்பியும்தான். நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் அது பூட்டிய கோப்பை 10 லட்சம் முறை, 30 விநாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். பெருக்கிப் பாருங்கள், ஒரு கோப்புக்கு 347 நாள். கட்டளையின் கடைசியில் ஆர் (எத்தனை முறை), டபிள்யூ (இடையே எத்தனை விநாடி) என்ற இரண்டு அளவுகளையும் சேர்த்து 2 முறை, 5 விநாடி என்று கட்டுப்படுத்துங்கள்.

இன்னொன்று. டாஸ்க் ஷெட்யூலரின் இயல்பான அமைப்பில், முந்தைய ஓட்டம் முடியாதவரை புதியது தொடங்காது. நீளும் ஓட்டத்தை 3 நாள் கழித்துத்தான் நிறுத்தும். திங்கள் இரவு ஒருவர் டேலியை மூடாமல் போனால் செவ்வாய், புதன் பேக்கப்பும் சேர்ந்தே போயிற்று. இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

விசைப்பலகை:
ரோபோகாப்பியில் பேக்கப் முறை என்று ஒரு விருப்பம் உண்டே? அதைப் போட்டால் பூட்டிய கோப்பும் வந்துவிடும்.

பழையசர்வர்:
வராது நண்பரே. அது அனுமதி இல்லாத கோப்புகளைப் படிக்க உதவும். திறந்திருக்கும் கோப்பின் பூட்டை உடைக்காது. பலரும் இப்படி நம்பி ஏமாறுகிறார்கள்.

பேரேடு:
நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் இதே வேலையைப் பார்க்கிறேன். நூல்மண்டி சார், உங்கள் ஊழியர்கள் பொய் சொல்லவில்லை. மூடிவிட்டுத்தான் போகிறார்கள், ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுகிறார்கள். அது இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும். சர்வருக்குள் அவர்களுடைய அமர்வும் (நுழைந்ததிலிருந்து லாக் ஆஃப் வரை ஓடும் அவர்களுடைய வேலைத்தளம்), அதில் டேலியும், டேலி பிடித்த கோப்புகளும் அப்படியே உயிரோடு இருக்கும். இரவு பத்தரைக்குச் சர்வரில் ‘க்யூசர்’ (quser) என்று ஒரே கட்டளை அடியுங்கள். நிலை என்ற பத்தியில் ‘டிஸ்க்’ (Disc, துண்டிக்கப்பட்டது) என்று நிற்பவர்கள் எல்லாம் இவர்கள்தான்.

துண்டித்த அமர்வுக்கு விண்டோஸ் தானாகக் கெடு வைப்பதில்லை. விண்டோஸின் விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் பகுதியில் அமர்வு நேர வரம்புகள் என்று தனிப்பிரிவு இருக்கிறது. அங்கே துண்டித்த அமர்வுக்கு ஒரு மணி நேரம், சும்மா இருக்கும் அமர்வுக்கு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். சும்மா இருக்கும் வரம்பு வெறுமனே துண்டிக்கத்தான் செய்யும். ‘வரம்பு எட்டியதும் அமர்வை முடி’ என்பதையும் சேர்த்து இயக்கினால்தான் லாக் ஆஃப் ஆகும். இரண்டு நிமிடம் முன்னதாக எச்சரிக்கை வரும், மவுஸை அசைத்தால் தப்பித்துக்கொள்ளலாம். எனவே 20ஆம் தேதி இரவு உட்கார்ந்து வேலை செய்பவரை அது தொடாது.

பயனர் கணக்கில் ‘நுழைவு நேரம்’ என்று ஒன்று இருக்கிறது. நேரம் தாண்டினால் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பகிர்வுக் கோப்புறை இணைப்பைத் துண்டிக்க வேண்டுமானால் அதற்குரிய பாலிசியோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே நுழைந்து உட்கார்ந்திருப்பவரின் திரையை அது மூடாது.

பயம் பற்றி: டேலியில் ஏற்றுக்கொண்ட வவுச்சர் (ஒரு கணக்குப் பதிவு) கோப்பில் ஏறிவிட்டது. பாதி அடித்து விட்ட வவுச்சர் போகும், போகட்டும். பெரிய இறக்குமதி ஓடும்போது மட்டும் கைவைக்காதீர்கள்.

நூல்மண்டி:
பேரேடு அண்ணா, நேற்று இரவு பார்த்தேன். வரிசையாக டிஸ்க், டிஸ்க், டிஸ்க். சத்தியம் செய்தவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

வரம்பை வைத்தேன், உடனே தலைமைக் கணக்கர் சண்டைக்கு வந்துவிட்டார். அவருக்கு ஆறு நிறுவனக் கணக்குகள். காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து கடவுச்சொல் அடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறதாம். அதனால்தான் அவர் இத்தனை காலமும் மூடவே இல்லையாம்.

பேரேடு:
அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டேலி பிரைமின் தொடக்க அமைப்பில், திறந்ததும் எந்தெந்த நிறுவனங்கள் ஏற வேண்டும் என்று முன்பே தேர்ந்தெடுத்து வைக்கலாம். கடவுச்சொல்லை அவர்தான் அடிக்க வேண்டும், தேடித் திறக்கும் வேலையாவது மிச்சமாகும். அதைச் செய்து கொடுத்துவிட்டு வரம்பைப் பற்றிப் பேசுங்கள்.

விசைப்பலகை:
இவ்வளவு பாடு எதற்கு? விஎஸ்எஸ் நிழல் நகல் (திறந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்து வட்டின் அந்த நேரத்து நிலையைப் பிடிக்கும் விண்டோஸ் வசதி) எடுத்தால் யார் உள்ளே இருந்தால் என்ன?

பழையசர்வர்:
எடுக்க வேண்டியதுதான். விண்டோஸ் சர்வர் பேக்கப் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருள் போல, நிழல் எடுக்கும் முன் தன் தரவை ஒழுங்காக இறக்கிவைக்கும் மென்பொருள்களுக்குத்தான் அது முழுக்க நம்பகம். மற்றவற்றுக்கு, அந்த விநாடியில் மின்சாரம் போனால் வட்டில் என்ன இருக்குமோ அதுதான் நகலில் இருக்கும். 10 மணிக்கு அமர்வுகளை முடித்து, 11 மணிக்கு நிழல் நகல் எடுங்கள். இரண்டும் சேர்ந்தால் நிம்மதி.

ரோபோகாப்பி முடியும்போது தரும் எண்ணான வெளியேறும் குறியீட்டையும் பாருங்கள். ரோபோகாப்பி 8 அல்லது அதற்கு மேல் ஓர் எண் கொடுத்தால் ஏதோ ஒரு கோப்பு வரவில்லை என்று பொருள். அப்போது உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி பேட்ச் கோப்பில் ஒரு வரி சேருங்கள்.

கிளார்க்:
உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்திவிட்டார்கள். கூட்டாண்மை நிறுவனத்துக்கு இந்த விதி கிடையாது. முதலாளியிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், கதவில் ஒட்டிய தாளைவிட வேலை செய்யும்.

நூல்மண்டி:
பிரைவேட் லிமிடெட்தான். சொன்னேன், உடனே ஒப்புதல் கிடைத்துவிட்டது. வரம்பு வைத்த பிறகு டேலி கோப்புறை ஒழுங்காக நகலாகிறது. ஆர்டர் பிரிவின் பொதுக் கோப்புறையில் மட்டும் இன்னும் ஓரிரு கோப்புகளில் 32 வருகிறது. எக்செல்லாக இருக்குமோ?

பழையசர்வர்:
எக்செல் பிறரைப் படிக்க விடும்; கடைசியாகச் சேமித்த நிலை நகலாகிவிடும். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் பகிர்வுக் கோப்புறைகளின் கீழ் திறந்த கோப்புகள் என்ற பட்டியலைப் பாருங்கள், பயனர் பெயரோடு காட்டும். அவுட்லுக் தன் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பை யாராவது சர்வரில் வைத்திருக்கிறார்களா?

நூல்மண்டி:
சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள்.

பழையசர்வர்:
பிஎஸ்டியைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்துப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. அவரவர் கணினிக்கு மாற்றிவிட்டு, மதிய உணவு நேரத்தில் அவுட்லுக்கை மூடச் சொல்லித் தனியாக நகலெடுங்கள்.