டன்ஜெனெஸ் முனையில் ஏன் இரண்டு கலங்கரை விளக்கம்?

தேன்மொழி:
போன ஞாயிறு பிள்ளைகளோடு சின்ன ரயிலேறி, இங்கிலாந்தின் கென்ட் கரையில் இருக்கும் டன்ஜெனெஸுக்குப் போனோம். இயற்கைக் காப்பகம் என்றார்களே, மரமும் நிழலுமாக இருக்கும் என்று நினைத்தேன். போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கல்தான். கறுப்பாக நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தில் 169 படி ஏறினோம். கொஞ்சம் தள்ளி, கறுப்பு வெள்ளைப் பட்டையோடு இன்னொன்று. பழையது இவ்வளவு உறுதியாக நிற்கும்போது புதிது எதற்கு? பழையதைக் கடலை விட்டு இத்தனை தூரம் உள்ளே ஏன் கட்டினார்கள்?

பழைய மாலுமி:
உள்ளே கட்டவில்லை அம்மா, கடல்தான் தள்ளிப் போய்விட்டது. சரக்குக் கப்பலில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கும் டோவர் நீரிணைக்குப் போகும் இரவுகளில் இந்த விளக்கைத் தேடிக்கொண்டு நின்றவன் நான். பத்து விநாடிக்கு ஒரு வெள்ளை ஒளிவெட்டு. கையில் கடிகாரத்தைப் பிடித்து எண்ணுவேன். பத்து சரியாக வந்துவிட்டால் மனப்பாரம் இறங்கும்.

அந்த முனையே கல்லால் ஆன மூக்கு. தென்கரைக் கல்லை அலை அரித்து எடுத்துக் கிழக்கே கொண்டுபோய்ப் போடுகிறது. அதனால் மூக்கு நீண்டுகொண்டே போகும், விளக்கு பின்தங்கிவிடும். 1615இல் முதல் விளக்கு: மரக் கோபுரம், உச்சியில் திறந்தவெளியில் நிலக்கரித் தீ. இருபதே வருடத்தில், 1635இல், செங்கல்லில் வேறொன்று கட்ட வேண்டியதாயிற்று. 1792இல் மூன்றாவது. அதில் 1862இல் மின்விளக்கையே ஏற்றிப் பார்த்தார்கள், அப்புறம் எண்ணெய்க்குத் திரும்பினார்கள். நீங்கள் ஏறியது நான்காவது, 1904 மார்ச் 31 அன்று ஏற்றியது. பக்கத்தில் வட்டமாக ஒரு வீடு பார்த்தீர்களா? மூன்றாவது கோபுரத்தைச் சுற்றி விளக்குக் காவலர்கள் குடியிருந்த வீடு அது. கோபுரத்தை இடித்துவிட்டார்கள், வீடு நிற்கிறது.

ஐந்தாவதுக்குக் காரணம் கடல் இல்லை. பக்கத்தில் எழுந்த அணுமின் நிலையம் பழைய விளக்கை மறைத்தது. அதனால் 1961இல் புதிது வந்தது.

நாரை:
மாலுமி ஐயா சொன்னதோடு ஒன்று. வலசை வரும் பறவைகள் இரவில் விளக்கொளியில் மயங்கிக் கோபுரத்தில் மோதிச் சாகும். புதிய கோபுரத்தின் உடம்பு முழுவதும் வெளிச்சம் விழும்படி செய்திருக்கிறார்கள். கப்பலுக்கு அடையாளம் தெரியத்தான் அது, ஆனால் பறவைச் சாவும் குறைந்தது. எனக்கு அந்த முனையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அப்புறம், அடுத்த முறை போனால் பிள்ளைகளைப் பாதையிலேயே நடக்கச் சொல்லுங்கள். கல்லுக்கிடையில் செடி வேர்பிடிக்க ஆண்டுக்கணக்காகும். ஒரு மிதியில் போய்விடும்.

தேன்மொழி:
வட்ட வீட்டைப் பார்த்தோம் ஐயா! யாரோ வசதியானவர்கள் கட்டிய வீடு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டோம். சின்னவன் கேட்கிறான்: கல் நகர்ந்துகொண்டே இருந்தால் அணுமின் நிலையம் என்ன ஆகும்?

பழைய மாலுமி:
சரியான கேள்வி. அது நிற்பது அரிக்கும் பக்கத்தில். அதனால் கிழக்கே சேர்ந்த கல்லை லாரியில் அள்ளி வந்து திரும்ப இந்தப் பக்கம் கொட்டுகிறார்கள். அலை மறுபடி எடுத்துப் போகும். மறுபடி அள்ளி வருவார்கள்.