பெரியப்பாவின் வெப்லி ரிவால்வர்: புதிதாக நீலம் ஏற்றலாமா?

சாட்ஸ்வொர்த் மகள்:
வணக்கம். மார்ச்சில் பெரியப்பா தவறிவிட்டார். தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் நாற்பது வருடம் கடிகாரம் பழுது பார்த்தவர். உரிமத்தோடு வைத்திருந்த ஒரே துப்பாக்கி, .455 அங்குலத் தோட்டா போடும் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர், வெப்லி மார்க் 6 ரகம். இப்போது ஒரு துப்பாக்கி வியாபாரியின் பாதுகாப்பில் இருக்கிறது. என் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன்.

சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமை அவர் அதற்கு எண்ணெய் போடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தோட்டா இல்லையென்று இரண்டு தடவை பார்ப்பார். அப்புறம் இடப்பக்கத் தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் அழுத்துவார். குழல் முன்னால் மடங்கும். தோட்டாக்கள் இருக்கும் உருளையின் நடுவிலிருந்து நட்சத்திரம் போல ஒரு தகடு எழும்பி, டக்கென்று உள்ளே போகும். "ஆறு தோட்டாக் கூடும் ஒரே அசைவில் வெளியே வந்துடும். கடிகாரக்காரன் வேலை மாதிரி இருக்கு பாரும்மா" என்பார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

குழல் முனையில் நீலம் (துருப்பிடிக்காமல் இருக்க இரும்பில் ஏற்றும் கருநீல மேற்படலம்) தேய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. பிடியில் இருக்கும் வல்கனைட் என்ற கறுப்புக் கெட்டி ரப்பரும் ஒரு பக்கம் பழுப்பாகிவிட்டது. புதிதாக நீலம் ஏற்றலாம் என்கிறான் என் மகன். எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய இரும்பு:
அக்கா, வேண்டவே வேண்டாம். நீலம் ஏற்றுமுன் சாணைச் சக்கரத்தில் தேய்ப்பார்கள். என்னுடைய மார்க் 4-ஐ ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அரசாங்க உடைமை என்று காட்டும் அம்பு முத்திரை பாதி மழுங்கியிருந்தது. இன்றுவரை ஆறவில்லை. முனையில் இருப்பது தோலுறை உரசிய தேய்மானம், அது அங்கேதான் வரும். வல்கனைட் வெயில் பட்டால் பழுப்பாகும், அதையும் விட்டுவிடுங்கள். மெல்லிய எண்ணெய்த் துணி போதும்.

துப்பாக்கியின் உடற்சட்டத்தில் பொறித்த பெயரையும் ஆண்டையும் பாருங்கள். மார்க் 6 பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது 1915-இல். முதலில் பர்மிங்காமில் வெப்லி & ஸ்காட் செய்தது, 1921 முதல் 1926 வரை என்ஃபீல்ட் அரசு ஆலையும் செய்தது. 'யு' எழுத்துக்குள் அம்பு இருந்தால் நம் தென்னாப்பிரிக்க ராணுவத்தின் உடைமையாக இருந்தது.

ஸ்டாங்கர் அண்ணன்:
உருளையின் பின்முகத்தையும் பார்க்கச் சொல்லும்மா. .45 ஏசிபி என்ற அமெரிக்கக் கைத்துப்பாக்கித் தோட்டா போடுவதற்காகப் பல ரிவால்வர்களில் அந்த முகத்தைக் கடைந்து குறைத்துவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் இதற்கு அதிகம். கடையாமல் முழுசாக இருந்தால் அரிய பொருள். இன்னொன்று, நூறு வயசானாலும் நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி இது தொன்மைப் பொருள் ஆகாது. சட்டம் வந்தபோது தொன்மை என்று சொன்னது 1900-க்கு முந்திய, குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளைத்தான். உரிமம் வரும்வரை வீட்டுக்குக் கொண்டுவராதே.

சாட்ஸ்வொர்த் மகள்:
நேற்று போய்ப் பார்த்தேன். 1917. உருளை கடையப்படவில்லை. 'யு' எழுத்தும் அம்பும் தெளிவாக இருக்கின்றன! மகனையும் கூட்டிப்போனேன். வியாபாரி திறந்து காட்டியதும் அந்த டக் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை திறக்கச் சொன்னான். நீலம் பற்றி அதன்பிறகு பேசவில்லை. பெரியப்பாவின் எண்ணெய்க் குப்பி கடிகாரச் சாமான்களோடு எங்கேயோ இருக்கும், தேடி எடுக்க வேண்டும்.