ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் ஆனபிறகு முடி கொட்டுகிறது, திரும்ப வளருமா?

ஜெலுத்தோங் மாலதி:
வணக்கம். பினாங்கில் இருக்கிறேன், வயது 44. கர்ப்பப்பையில் கட்டி, வருஷக்கணக்காக அதிக ரத்தப்போக்கு. ஜனவரியில் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். புண் நன்றாக ஆறிவிட்டது. ஏப்ரல் பிறந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. தலைக்குக் குளித்தால் சல்லடை அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது. இடுப்பு வரை இருந்த பின்னல் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்துவிட்டது. மாமியார், "மயக்க மருந்துச் சூடும்மா, தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும்" என்கிறார். பார்மசியில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைக் காட்டுகிறார்கள். இத்தனை நாள் கழித்து ஏன் கொட்டுகிறது? பயமாக இருக்கிறது.

பட்டர்வொர்த் அக்கா:
வளரும் மாலதி, பயப்படாதீர்கள். சர்ஜிக்கல் வார்டில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதே கேள்வியோடு திரும்பி வந்த பெண்கள் ஏராளம்.

இதற்குப் பெயர் டெலோஜன் எஃப்ளூவியம். சாதாரணமாகத் தலைமுடியில் 85 முதல் 90 சதவீதம் வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். பெரிய ஆபரேஷன், ரத்த இழப்பு, கடும் காய்ச்சல் என்று உடம்பு அடிபட்டால், வளர்கிற முடியில் கணிசமான பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். ஜனவரிக்கு ஏப்ரல், கணக்கு சரியாக இருக்கிறதா? விழுந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள், நுனியில் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ் இருக்கும். வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் எல்லாரும் அழுவார்கள். வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அதிலிருந்துதான் புதுமுடி வரும்.

எனக்கு உறுத்துவது உங்கள் பழைய ரத்தப்போக்கு. கிளினிக்கில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் முடி மீள்வது தாமதமாகலாம். மாத்திரை கொடுத்தால் தே தாரிக்கோடு விழுங்காதீர்கள், தேநீர் அதை உடம்பில் சேரவிடாது. பயோட்டின், குறை இல்லாதவர்களுக்குப் பெரிதாக உதவாது. அதோடு தைராய்டு சோதனை முடிவைத் தப்பாகக் காட்டவும் செய்யலாம். சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மொட்டை, வேண்டுதல் என்றால் தாராளமாகப் போடுங்கள். அடர்த்திக்காக வேண்டாம், சிரைப்பதால் வேர்ப்பையில் எதுவும் மாறாது.

சரி, சாப்பாடு எப்படி? பத்தியம் என்று முட்டை, மீனை நிறுத்திவிட்டார்களா?

செந்தூல் அண்ணன்:
தங்கச்சி, எனக்கு பைபாஸ் ஆனபிறகு பின்மண்டையில் ஐம்பது காசு அளவுக்கு வழுக்கை விழுந்தது. பல மணி நேரம் தலை ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்ததால் வந்தது என்றார் டாக்டர். பிறகு தானாக மூடிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாதிரி மருந்துகளாலும் முடி கொட்டலாம். அதற்காக யாரும் தாங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. முடி வளர மினாக்ஸிடில் மருந்து தடவுவதென்றாலும் இதய நோயாளிகள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஜெலுத்தோங் மாலதி:
அக்கா, முட்டையும் கோழியும் நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள், புண்ணில் சீழ் வைக்குமாம். விரால் மீன் சூப் மட்டும் கிடைத்தது, அதுவும் முதல் சில வாரம்தான்.

பட்டர்வொர்த் அக்கா:
அப்படியானால் இன்றிலிருந்தே முட்டையை ஆரம்பியுங்கள். முடியே புரதம்தான். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கும், புதுமுடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பின்னல் பழையபடி ஆக வருஷங்கள் பிடிக்கும். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினாலோ, திட்டுத் திட்டாக வழுக்கை தெரிந்தாலோ தோல் டாக்டரைப் பாருங்கள். ரத்தச் சோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.