ஊராட்சியை மாநகராட்சியில சேத்தாச்சு, 12 நாளா குழாயில தண்ணி இல்ல. யாரைக் கேக்கறது?

மேட்டுவீடு: தலைப்புதான் பிரச்சினை. மாநகராட்சி ஆபீஸ்ல "இன்னும் எங்க கைக்கு வரல"ங்கறாங்க. ஒன்றிய ஆபீஸ்ல "இனி நாங்க இல்ல"ங்கறாங்க. அவசரம், வழி சொல்லுங்க.

தென்னந்தோப்பு: எந்த ஊர்? போர் தண்ணியா, கூட்டுக் குடிநீரா?

ரிட்டயர்டு_கிளார்க்: இதே கேள்வி இங்க பலமுறை வந்தாச்சு, தேடிப் பாக்கற பழக்கமே கிடையாது. முதல்ல அரசாணையப் படிங்க தம்பி. இணைக்க உத்தேசம்னு வர்ற அறிவிப்பு வேற, இறுதி ஆணை வேற. இறுதி ஆணை அமலுக்கு வர்ற வரைக்கும் ஊராட்சிதான் பொறுப்பு. தலைவர் பதவிக்காலம் முடிஞ்சிருந்தா தனி அலுவலரைப் பாருங்க.

மேட்டுவீடு: ஊர் பேரு வேண்டாங்க. போர் தண்ணி, மேல்நிலைத் தொட்டி. ஆணை வந்துடுச்சுன்னுதான் சொல்றாங்க.

வயர்மேன்77: மோட்டார் போயிருக்கும். இல்லேன்னா ஊராட்சி பேர்ல இருக்கற இபி பில் கட்டாம ஃப்யூஸப் பிடுங்கியிருப்பான். மீட்டர்ல விளக்கு எரியுதா?

சட்டமணி: 10 ரூபாய் கட்டணத்தோட தகவல் உரிமை மனு போடுங்க. தொட்டி, மோட்டார், ஆபரேட்டர் மூணும் எந்தத் தேதியில யார்கிட்ட ஒப்படைச்சாங்க, நகல் கொடுன்னு கேளுங்க. "நிதி இல்ல"ன்னா 1980 ரத்லம் தீர்ப்பக் காட்டுங்க. பணமில்லைன்னு நகராட்சி கடமையத் தட்டிக் கழிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றமே சொன்னது.

ரிட்டயர்டு_கிளார்க்: பதில் வர 30 நாள். அதுவரைக்கும் தீர்ப்பையா குடிப்பாரு? அதோட அது சாக்கடை வழக்கு.

சட்டமணி: சாக்கடைக்கு ஒரு கடமை, குடிதண்ணிக்கு ஒரு கடமையா?

கம்மாய்க்கரை: சேந்ததே தப்பு. நூறு நாள் வேலை போச்சு. வருஷத்துக்கு ஒருதரம் கட்டின வீட்டு வரி இனி அரையாண்டுக்கு ஒருதரம்.

பிளாட்_எண்_14: இடத்துக்கு விலை ஏறுமே, அதச் சொல்ல மாட்டீங்களே!

கம்மாய்க்கரை: விக்கறவனுக்கு ஏறும். எங்கம்மாவுக்கு என்ன? 2011-ல சென்னையோட 42 உள்ளாட்சியச் சேத்தாங்க. அதுல பல தெருவுக்கு பத்து வருஷம் கழிச்சும் பாதாள சாக்கடை வரல.

பிளாட்_எண்_14: எங்க தெருவுக்கு வந்துச்சு.

தென்னந்தோப்பு: சண்டையெல்லாம் தனியா வெச்சுக்கங்க. மேட்டுவீடு, மோட்டாரைத் தினமும் போட்டுவிடற ஆபரேட்டர் எங்க? அவரப் பாத்தீங்களா?

(ஆறு நாள் கழித்து)

மேட்டுவீடு: தண்ணி வந்துடுச்சு. மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு. ஆபரேட்டருக்கு ரெண்டு மாசமா சம்பளம் யாரும் போடல, அவரு ரூமைப் பூட்டி சாவியோட மக வீட்டுக்குப் போயிட்டாரு. தெருக்காரங்க சேந்து காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்தோம். நன்றி.

வயர்மேன்77: இபி பில்லு?

சட்டமணி: தெருக்காரங்க ஏன் கொடுக்கணும்? மனு போட்டீங்களா இல்லியா?

தென்னந்தோப்பு: அடுத்த மாசம் அவருக்கு யார் சம்பளம் போடுவாங்க?

தென்னந்தோப்பு: மேட்டுவீடு, இருக்கீங்களா?